ஒரு சோறு பதமாகாத இடம்

காரைக்காலில் காடு பெரும்பாலும் பெயர்களில்தான் மிச்சமிருக்கிறது. கொம்யூன் என்னும் உள்ளாட்சிப் பிரிவு ஒன்றுக்கு நெடுங்காடு என்றே பெயர். திருநள்ளாற்று இறைவன் தர்ப்பாரண்யேசுவரர், அதாவது தர்ப்பைக் காட்டின் ஈசன். வடக்கே திருவெண்காடு, தெற்கே திருமறைக்காடு என்று வழங்கிய வேதாரண்யம். பெயரை நம்பிப் போய்ப் பார்த்தால் நெல்வயல், வாய்க்கால், வரப்பு, மறுபடியும் நெல்வயல். ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பில் மரம் அடர்ந்து தெரிவது சில இடங்களில்தான்: அரசலாற்று முகத்துவாரத்து அலையாத்தி, கடலோரச் சவுக்கு, தென்னந்தோப்பு, ஆற்றுப்படுகை மூங்கில், குளக்கரையிலும் ஐயனார் கோயிலிலும் நிற்கும் பழைய மரங்கள். இவற்றுள் எது காடு? இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகளில் இதற்கு ஒரு விடை உண்டு. செயற்கைக்கோள் படத்தில் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை 10 சதவீதத்தைத் தாண்டினால் அது வனப்பரப்பு. என்ன மரம், யாருடைய நிலம், நட்டதா தானாய் முளைத்ததா என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. எனவே சவுக்குத் தோப்பும் தென்னந்தோப்பும்கூட வனப்பரப்பில் சேர்ந்துவிடும். வானத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும். அதே கேள்வியை ஒரு வண்டிடம் கேட்டால் பதில் வேறாக வரும். அந்தப் பதிலை எப்படிக் கேட்டு வாங்குவது, வாங்கியபின் மரம் நடுவதிலும் வெட்டுவதிலும் எதை மாற்றிக்கொள்வது என்று பார்ப்போம்.

வண்டிடம் ஏன் கேட்க வேண்டும்? காட்டில் வாழும் விலங்கினங்களில் மிகப் பெரும் பங்கு பூச்சிகள் என்பது ஒரு காரணம். அவை இடத்தின் நுணுக்கங்களுக்குக் கட்டுப்பட்டவை என்பது அதைவிட முக்கியமான காரணம். எருக்கிலையைத் தின்று வளரும் வெந்தய வரியன் புழுவுக்குப் பக்கத்திலிருக்கும் முருங்கை உணவாகாது. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் வளரும் புழுவை எருக்கில் விட்டால் பட்டினிதான். அத்திக்காய்க்குள் முட்டையிடும் குளவிகளில் பல, ஒரே அத்தியினத்தை நம்பிப் பிழைப்பவை. அந்த மரம் போனால் குளவி போகும், குளவி போனால் மரத்துக்கு விதை பிடிக்காது. இன்னொன்றும் உண்டு. ஒரே பூச்சிக்குப் புழுப் பருவத்தில் இலை வேண்டும், கூட்டுப்புழுவாக மாற ஈரமண்ணோ பட்டையிடுக்கோ வேண்டும், சிறகு முளைத்தபின் தேனுள்ள பூ வேண்டும். அப்படிப்பட்ட ஒரு பூச்சி ஓரிடத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறது என்றால், இந்த மூன்றும் அங்கே எட்டும் தூரத்தில் உண்டு என்று அதுவே சாட்சி சொல்கிறது. மரத்தை மட்டும் எண்ணினால் இந்தச் சாட்சியம் கிடைக்காது.

சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதுதான் கடினம். கடலில் என்ன மீன் இருக்கிறது என்று ஒரே வலையை வைத்துச் சொல்ல முடியாது என்பது காரைக்கால்மேட்டு மீனவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண் பெரிய வலையில் நெத்திலி நிற்காது; கரைவலையில் ஆழ்கடல் மீன் வராது. பூச்சி பிடிக்கும் பொறிகளும் அப்படியே. வயலில் உழவர்கள் வைக்கும் விளக்குப் பொறி, அந்துப்பூச்சியையும் இரவில் பறக்கும் வண்டுகளையும் இழுக்கும். பகலில் திரியும் தேனீயை அது அறியாது. மஞ்சள் தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வைத்தால், மஞ்சளைப் பூவென்று நம்பும் ஈக்களும் சிறு குளவிகளும் வந்து விழும். தரைமட்டத்துக்குப் புதைத்த கிண்ணமான குழிப்பொறியில் எறும்பும் ஓடும் வண்டும் சிக்கும். தடுப்பில் மோதிய பூச்சி மேல்நோக்கி ஏறும் என்ற பழக்கத்தைப் பயன்படுத்தி, ஸ்வீடன் நாட்டுப் பூச்சியியலாளர் ரெனே மலேஸ் 1930களில் அமைத்த கூடாரப் பொறியும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓரவஞ்சனை இருக்கிறது. நிலவொளியில் விளக்கு எடுபடாது. அமாவாசை இரவில் ஒரு தோப்பிலும் பௌர்ணமி இரவில் இன்னொரு தோப்பிலும் விளக்கு வைத்து ஒப்பிட்டால், தோப்பை விட்டுவிட்டு நிலவை அளந்ததாகும். வெறுந்தரையில் வண்டு தடையின்றி ஓடும், அடிக்கடி குழியில் விழும். புதர் மண்டிய தரையில் மெல்ல நகரும், குறைவாக விழும். இதை மறந்தால் பொட்டல் தோப்பில் வண்டு அதிகம் என்ற தலைகீழ் முடிவுக்கு வந்துவிடுவோம். எனவே பல வகைப் பொறி, ஒரே இரவுகள், ஒவ்வொரு வகைத் தோப்பிலும் பல இடங்கள் என்று வைத்துத்தான் ஆய்வை வடிவமைக்கிறார்கள்.

இத்தனை செய்தும் எல்லாப் பூச்சியும் அகப்படாது. அகப்படாதவை எத்தனை என்று அகப்பட்டவற்றை வைத்தே கணிக்கும் வழிதான் இந்தத் துறையின் அழகான யோசனை. சனிக்கிழமை திருநள்ளாற்றில் ஒரு சாலை முனையில் நின்று, வருகிற வண்டிகளின் எண்பலகையில் ஊர்க்குறியை மட்டும் குறித்துக்கொண்டே வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். பிஒய் 02, டிஎன் 51, டிஎன் 50, டிஎன் 49 என்று முதல் ஐம்பது வண்டிகளிலேயே பல குறிகள் சேர்ந்துவிடும். அப்புறம் பழைய குறிகளே திரும்பத் திரும்ப வரும். எப்போதாவது கர்நாடகத்து வண்டி ஒன்று, ஆந்திரத்து வண்டி ஒன்று. உங்கள் பட்டியலில் ஒரே ஒருமுறை மட்டும் பார்த்த குறிகள் நிறைய இருந்தால், இன்னும் பார்க்காத ஊர்கள் நிறைய உண்டு என்று பொருள். ஒவ்வொரு குறியையும் பத்து முறையாவது பார்த்தாயிற்று என்றால் பட்டியல் ஏறக்குறைய முடிந்தது. ஒருமுறை மட்டும் கண்டவற்றை ஒற்றைகள் என்றும் இருமுறை கண்டவற்றை இரட்டைகள் என்றும் சொல்லலாம். காணாதவற்றின் சாயல் அவற்றில் விழுகிறது. கார்பெட் என்ற ஆய்வாளர் மலாயாவில் சேர்த்த வண்ணத்துப்பூச்சிகளில் 118 இனங்கள் ஒருமுறையும், 74 இனங்கள் இருமுறையும், 44 இனங்கள் மும்முறையும் அகப்பட்டிருந்தன. இந்தப் பட்டியலைக் கொண்டு புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1943இல் கணக்கைத் தொடங்கி வைத்தார். அந்த வழியில் வளர்ந்த கணிப்புப்படி, கார்பெட் இன்னொரு மடங்கு காலம் அலைந்திருந்தால் புதிதாக ஏறத்தாழ 75 இனங்களைக் கண்டிருப்பார். தைவானின் ஆன் சாவ் 1984இல் இதே யோசனையை எளிய கணிப்பானாக்கினார். இன்று பூச்சி ஆய்வுகளில் அது அன்றாடக் கருவி. பிடித்ததற்குப் பெயர் வைக்கும் வேலையும் எளிதாகியிருக்கிறது. கனடாவின் பால் ஹெபர்ட் 2003இல் முன்வைத்த மரபணுப் பட்டைக்குறி முறையில், கடைச் சரக்கின் பட்டைக்கோட்டைப் போல ஒரு சிறு மரபணுத் துண்டைப் படித்தே இனத்தைப் பெரும்பாலும் பிரித்தறிந்துவிடலாம்.

இப்போது நம் பழமொழிக்கு வருவோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஏன் பலிக்கிறது? ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. போதாததற்குக் கிளறியும் விடுகிறோம். பானைக்குள் எந்த மூலையில் எடுத்தாலும் ஒன்றேதான். காட்டில் இது பலிக்கக் கூடாது. மேட்டில் ஒரு கூட்டம், பள்ளத்தில் ஒரு கூட்டம், விழுந்த மரத்தடியில் ஒரு கூட்டம் என்று பொறிக்குப் பொறி வேறு பூச்சிகள் வந்தால்தான் அது காடு. அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் விட்டேக்கர் 1960இல் இதை மூன்றாகப் பிரித்துப் பேசினார். ஓர் இடத்துக்குள் எத்தனை இனம் என்பது இட வளம். இடத்துக்கு இடம் இனங்கள் எவ்வளவு மாறுகின்றன என்பது இடை வேறுபாடு. இரண்டும் சேர்ந்து சுற்றுவட்டாரம் முழுமைக்கும் வரும் தொகை வட்டார வளம். கற்பனைக்கு மூன்று தோப்புகளை எடுத்துக்கொள்வோம், ஒவ்வொன்றிலும் 40 வகை வண்டுகள். மூன்றிலும் அதே 40 என்றால் வட்டாரத்தின் செல்வம் 40தான். ஒன்றோடொன்று பொருந்தாத நாற்பதுகள் என்றால் 120. தோப்புத் தோப்பாகப் பார்த்தால் இரண்டு வட்டாரங்களும் சமம். கூட்டிப் பார்த்தால் மூன்று மடங்கு வேற்றுமை. வனப் பராமரிப்பு பூச்சிகளுக்கு என்ன செய்கிறது என்ற கேள்வியில் நம் கண்ணுக்குத் தப்புவது பெரும்பாலும் இந்த இடை வேறுபாடுதான். என் வாதம் இதுவே: பூச்சி வளத்துக்குப் பெரிய பகை கோடாலி அல்ல, எல்லா இடத்தையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும் பழக்கம்.

சவுக்கை வைத்து இதைச் சோதிக்கலாம். சவுக்கு இலை என்று நாம் சொல்லும் பச்சை ஊசி, இலையே அல்ல. கணுக் கணுவாகக் கழலும் மெல்லிய கிளை. ஒரு கணுவைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், அதன் விளிம்பைச் சுற்றிப் பல் பல்லாக நிற்கும் நுண்செதில்கள்தான் இலைகள். இலை தின்னும் புழுவுக்கு இது பரிமாறாத பந்தி. மேலும் சவுக்கு ஆஸ்திரேலியாவிலும் தென்கிழக்காசியக் கரைகளிலும் தோன்றி, நம் கரைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட மரம். அதனோடு கூடவே பரிணமித்த பூச்சிகள் இங்கில்லை. பிரிட்டனில் பூச்சியியலாளர் சவுத்வுட் 1961இல் மரவாரியாகப் பூச்சிகளைத் தொகுத்தபோது, நெடுங்காலமாய் அங்கேயே பரவி நிற்கும் ஓக் மரத்தில் 284 இனங்களும், பிற்பாடு வந்த மரங்கள் சிலவற்றில் விரல்விட்டு எண்ணும் அளவும் இருந்தன. வந்த மரத்தைத் தேடிப் போவது எதையும் தின்னும் பூச்சிகளே. கொய்யாவிலும் முருங்கையிலும் பட்டையின்மேல் பழுப்பு நாடா ஒட்டியதுபோல் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். பட்டைத்தூளையும் தன் எச்சத்தையும் பட்டுநூலால் பின்னி ஒரு புழு கட்டிய கூரை அது. பகலெல்லாம் கிளை பிரியும் இடத்துத் துளைக்குள் ஒளிந்திருந்து, இரவில் அந்தக் கூரைக்கடியில் ஊர்ந்து வந்து பட்டையைச் சுரண்டித் தின்னும். அதே பட்டைத்துளைப்பான் சவுக்கையும் விடுவதில்லை. இதன்மேல் தோப்பை நடத்தும் விதமும் சேர்கிறது. ஒரே நாளில் நட்ட ஒரே வயது மரங்கள், நெருக்கமான வரிசை, கீழே களை எடுத்த தரை, மூன்று முதல் ஐந்து ஆண்டில் ஒட்டுமொத்த வெட்டு. பந்தல்காலுக்கும் சாரத்துக்கும் காகிதக் கூழுக்கும் இது தோதான முறை. பூச்சிக்கோ, முதுமை என்ற பருவமே இல்லாத ஊர். பட்டை வெடிக்குமுன், பொந்து விழுமுன் மரம் போய்விடுகிறது.

இது பூச்சிகளின் குறை மட்டுமன்று, தோப்புக்காரரின் குறையும்கூட. ஜாக்டெல், புரோக்கர்ஹாஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2007இல் 119 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பல மரம் கலந்த காடுகளில், குறிப்பிட்ட சில மரங்களையே நம்பும் பூச்சிகளால் வரும் சேதம் குறைவாக இருந்தது. காரணம் புரியக்கூடியதே. தனக்கான மரத்தைத் தேடிப் பறக்கும் பூச்சிக்கு நடுவில் நிற்கும் பிற மரங்கள் மணத்தாலும் உருவத்தாலும் குறுக்கே நிற்கின்றன. அதன் எதிரிகளான ஒட்டுண்ணிக் குளவிகளுக்குப் பூவும் புகலிடமும் கிடைக்கின்றன. ஒரே மரம் வரிசையில் நிற்கும் தோப்பு, வந்து சேர்ந்த பூச்சிக்கு இலை போட்டுக் காத்திருக்கும் பந்தி. பூச்சியே வேண்டாம் என்று ஒரே மாதிரி ஆக்கும் தோப்பில்தான் சில பூச்சிகள் பெருகித் தொல்லையாகின்றன.

சுத்தம் என்ற பழக்கத்துக்கு அடுத்து வருவோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. 1967இல் சரணாலயமான கோடியக்கரைக் காட்டில், பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைமாறாக் காட்டில், ஏராளமான மரங்கள் முறிந்தும் சாய்ந்தும் விழுந்தன. விழுந்ததை அப்புறப்படுத்தினால்தானே காடு காடாகும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தேசியப் பூங்கா, சரணாலயங்களில் செத்த, நோயுற்ற, காற்றில் விழுந்த மரங்களை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கோதாவர்மன் வழக்கில் 2000ஆம் ஆண்டே ஆணையிட்டிருக்கிறது. பூச்சியியல் இதற்கு அரணாக நிற்கிறது. செத்த மரம் ஒரு சத்திரம். ஒரு கூட்டம் கிளம்ப அடுத்த கூட்டம் வந்திறங்கும். பட்டைக்கடியில் ஈரம் இருக்கும் மட்டும் பட்டை வண்டும் நீளுணர்கொம்பு வண்டின் புழுவும். பிறகு பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை தின்னும் வண்டுகள் வரும். கறையான் உள்ளே மண் பூசும். கடைசியில் கையால் உதிர்க்கலாம் போன்ற மரமண்ணில் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடக்கும். அவற்றைத் தேடி மரங்கொத்தியும் அரணையும். ஃபின்லாந்தில் காட்டு உயிரினங்களில் நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்கு செத்த மரத்தை நம்பி வாழ்வதாகக் கணித்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வந்த அறிக்கையிலும், மரம் வெட்டிப் பராமரித்த காடுகளில் செடிவகைகள் சற்றுக் கூடியிருந்தன. செத்த மரத்தை நம்பிய வண்டுகளும் பூஞ்சைகளும் பாசிகளும் குறைந்திருந்தன.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மட்கும் மரத்தை விட்டுவைத்தால் பூச்சித் தொல்லை பெருகாதா? தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் பயமல்ல. காண்டாமிருக வண்டு எருக்குழியிலும் அழுகிய தென்னந்தண்டிலும் முட்டையிடும்; வளர்ந்த வண்டு உயிருள்ள தென்னையின் குருத்தைக் குடைந்து தின்னும். புயலுக்குப்பின் தோப்பில் கிடக்கும் தென்னந்தண்டுகளை அகற்றச் சொல்வது சரியான ஆலோசனைதான். ஆனால் அந்த வண்டின் கதையில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன: அழுகும் தண்டு வேண்டும், பக்கத்திலேயே வரிசையாய் உயிருள்ள பனைவகை மரங்களும் வேண்டும். செத்த மரத்தில் வாழும் பிற பூச்சிகளில் பெரும்பாலானவை உயிருள்ள மரத்தின்மேல் வாய் வைப்பதில்லை. பதம் கெட்ட மரந்தான் அவற்றுக்கு உணவு. எனவே தென்னந்தோப்பின் விதியைக் கோடியக்கரைக்குக் கொண்டுபோவதும், கோடியக்கரையின் விதியைத் தென்னந்தோப்புக்குக் கொண்டுவருவதும் தவறு.

இன்னொரு மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்: மனிதன் கைவைக்காமல் விட்டுவிட்டாலே காடு தானாய்த் திருந்திவிடும் என்று. சில இடங்களில் திருந்தும், பிச்சாவரத்தில் திருந்தவில்லை. அங்கே முன்பு அலையாத்தியைப் பகுதி பகுதியாக முழுவெட்டாக வெட்டினார்கள். வெயில் பட்ட சேறு வறண்டு அமிழ்ந்து தொட்டிபோல் ஆனது, ஏறிவந்த கடல்நீர் வடியாமல் தேங்கி உப்பேறியது, கன்று பிடிக்கவில்லை. 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, நீர் வந்துபோக வாய்க்கால் வெட்டியபின்தான் அலையாத்தி எழுந்தது. வெட்டியதும் மனிதக் கை, மீட்டதும் மனிதக் கை. கோடியக்கரையில் பரவும் சீமைக்கருவேலத்தை அகற்றுவதும் இப்படித்தான்; அதன் பூவில் தேனீக்கள் மொய்த்தாலும், அது மூடிய இடத்தில் மற்றச் செடிகளும் அவற்றை நம்பிய பூச்சிகளும் ஒதுங்குகின்றன. ஜெர்மனியின் பீச் மரக்காடுகளில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. அங்கங்கே ஒன்றிரண்டு மரங்களை மட்டும் எடுத்து எங்கும் எல்லா வயதும் கலந்திருக்கும்படி வைத்த காடுகளைவிட, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வயதில் நின்ற காடுகளில் வட்டார வளம் கூடுதல். மென்மையான முறையும் எல்லா இடத்திலும் ஒரே மென்மையாக நடந்தால், கிளறிவிட்ட பானைச் சோறாகிவிடுகிறது.

காரைக்கால் கரையில் சவுக்கே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. மணலைப் பிடித்து நிறுத்தவும் காற்றைத் தடுக்கவும் அது உதவுகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப்பின் கரையோரம் மரவேலி வேண்டும் என்று ஊர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. ஏழை உழவருக்குச் சவுக்கு வங்கிக் கணக்கு மாதிரி. அதே பயனை ஒரே மாதிரித்தனமின்றிப் பெற முடியுமா என்பதுதான் கேள்வி. தோப்பை ஒரே ஆண்டில் வெட்டாமல் துண்டு துண்டாக வெவ்வேறு ஆண்டுகளில் வெட்டலாம். ஓரங்களில் புன்னையும் பூவரசும் தாழையும் நிற்கட்டும். ஒவ்வொரு துண்டிலும் சில மரங்களை முதுமை எட்டும்வரை விட்டுவைக்கலாம். ஐயனார் கோயில் மரங்களின்கீழ்ச் சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் விட்டால் செலவே இல்லை. இவை பலித்தனவா என்று அறிய, மாற்றுவதற்கு முன்னும் பின்னும், மாற்றாத இடத்திலும் ஒரே சமயத்தில் பொறி வைக்க வேண்டும். இல்லையென்றால் நல்ல மழை பெய்த ஆண்டின் புகழை நம் திட்டம் எடுத்துக்கொள்ளும். 1987இல் தொடங்கிய வேளாண் கல்லூரி ஒன்று செருமாவிலங்கையில் இருக்கும் வட்டாரத்துக்கு இது எட்டாத வேலையல்ல. ஆனால் தோப்பைத் திருத்துவதால் கிடைக்கும் பலனுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஜெர்மனியில் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் 27 ஆண்டுகள் கூடாரப் பொறி வைத்தவர்கள், பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 75 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2017இல் அறிவித்தார்கள். குறைந்தது எடை, அதே விகிதத்தில் இனங்களும் குறைந்தன என்று படிக்கக் கூடாது. ஆனாலும் வேலியிட்ட இடமும் தன்னந்தனியாகத் தப்பாது என்பது அதிலிருந்து தெரிகிறது. மருந்தடிக்கும் வயல்களுக்கு நடுவில் துண்டாய் நிற்கும் நம் தோப்புகளுக்கும் இது பொருந்தும்.

நெடுங்காட்டுக்கு நெடிய காடு திரும்பி வரப்போவதில்லை. நெல்லை விட்டுவிட்டு அதைக் கேட்பதும் முறையல்ல. ஆனால் அரசலாற்று முகத்துவாரச் சேறு, கடலோரச் சவுக்கின் கிழட்டு ஓரம், படுகை மூங்கில், குளக்கரை ஆல், சாய்ந்தபடி விட்டுவைத்த ஒரு பழைய மரம் என்று ஒன்றைப்போல் ஒன்று இல்லாத துண்டுகளை இந்தச் சிறு வட்டாரத்தாலும் வைத்துக்கொள்ள முடியும். எவ்வளவு பச்சை என்பதைச் செயற்கைக்கோள் சொல்லட்டும். ஒரு பொறியைப் பார்த்து அடுத்த பொறியில் என்ன இருக்கும் என்று ஊகிக்க முடியாமல் போனால், அன்றைக்கு அந்த இடத்தைத் தயங்காமல் காடு என்று சொல்லலாம்.